கிதியோனும் நாமும்
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய ஏற்பாட்டில் இத்தனை போர்கள் எதற்கு என்று நம் வாலிபர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வீரமாமுனிவரின் தேம்பாவணியை எடுத்துப் பாருங்கள். மதுரை மிஷனில் உழைத்த அம்மகான், சோசுவன் வெற்றிக்கு ஒரு படலமும் சேதையோன் வெற்றிக்கு ஒரு படலமும் பாடி வைத்தார். அவருடைய சேதையோனையே இன்றைய விவிலியத்தில் கிதியோன் என்று வாசிக்கிறோம். இப்போர்க் கதைகளை அவர் எங்கே வைத்தார்? ஏரோதுக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு எகிப்துக்குப் போகும் திருக்குடும்பத்தின் வழிப்பயணத்திலே வைத்தார். வாளேந்தாதவர்கள் கேட்ட கதை அது. நாமும் அப்படியே கேட்போம்.

மிதியானியர் ஏழாண்டுகள் இஸ்ரயேலரை ஒடுக்கினர். விளைச்சல் காலம் பார்த்து ஒட்டகங்களோடு வந்து வயல்களைப் பாழாக்கினர். அதனால் கிதியோன் திராட்சை ஆலைக்குள் ஒளிந்து கோதுமை அடித்தார். நம் வைகைப் பாசன விவசாயிக்கு இந்த அவலம் சொல்லாமலே விளங்கும். களமென்றால் காற்று வீசும் மேட்டு நிலம் வேண்டும். குழிக்குள் கதிரடிப்பவர் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! அவரைத்தான் ஆண்டவரின் தூதர் வீரரே என்று அழைத்தார். பாகாலின் பீடத்தை இடிக்கச் சொன்னபோதும், ஊராருக்கு அஞ்சி இரவிலேதான் இடித்தார். ஆனாலும் இடித்தார். அஞ்சிக்கொண்டே கீழ்ப்படிவதும் தைரியமே.

போருக்குத் திரண்டவர்கள் 32,000 பேர். பயந்தவர்கள் வீடு திரும்பலாம் என்றதும் 22,000 பேர் போய்விட்டனர். தண்ணீர்த் துறையில் மீண்டும் சோதித்து, 300 பேரையே ஆண்டவர் வைத்துக்கொண்டார். எதிரே நின்றவர்களோ 1,35,000 பேர். அவர்கள் கையில் எக்காளமும், வெறும் மண்குடமும், அதற்குள் தீப்பந்தமும். குடம் உடைந்தது, வெளிச்சம் தெரிந்தது, பகைவர் சிதறினர். உடையச் சம்மதிக்காத குடத்தால் பிறருக்கு என்ன வெளிச்சம்?

நம் மண்ணிலும் ஒரு குடம் உடைந்தது. புனித அருளானந்தர் 1686-இல் மறவர் சீமையில் சிறைப்பட்டு வதைபட்டார். பின்னர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆயினும் 1690-இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை கொடுத்தார். அவர் எவர்மீதும் வாள் ஓங்கவில்லை. கருமாத்தூர்க் கல்லூரி வழியாக அவர் பெயரை இன்றும் நம் பிள்ளைகள் உச்சரிக்கிறார்கள்.

கிதியோன் கதை வெற்றியோடு முடிந்துவிடவில்லை. எங்களை ஏன் முதலிலேயே அழைக்கவில்லை என்று எப்ராயிம் மக்கள் சண்டைக்கு வந்தனர். திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்கும் சச்சரவு நமக்குத் தெரியாததா? கிதியோன், நான் செய்ததைவிட நீங்கள் செய்ததே பெரிது என்று பணிந்து பேசினார். அவர்கள் கோபம் தணிந்தது. மிதியானியரை வெல்ல 300 பேர் வேண்டியிருந்தது. உறவைக் காக்க ஓர் இனிய சொல் போதுமாயிருந்தது.

ஆனால் அடுத்த சோதனையில் அவரே தவறினார். அரச பதவியை மறுத்தவர், கொள்ளையில் கிடைத்த காதணிகளை, 1,700 செக்கேல் பொன்னை, மக்களிடம் கேட்டு வாங்கி ஏபோது ஒன்றைச் செய்து வைத்தார். மக்கள் அதையே வணங்கி வழிதவறினர். அவர் குடும்பத்துக்கும் அதுவே கண்ணியாயிற்று. வெற்றியின் நினைவுச் சின்னமே வெற்றி தந்தவரை மறைத்துவிட்டது.

யூபிலி கொண்டாடும் நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். நாம் கட்டும் கோபுரமும் பொறிக்கும் கல்வெட்டும் நமக்கு ஏபோது ஆகிவிடக் கூடாது. கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற வழக்கை இன்றோடு விடுவோம். பூசைக்கு வருவோர் குறைந்துவிட்டார்களே என்று ஏங்கவும் வேண்டாம். பக்கத்துத் தெருவில் தனித்துவிடப்பட்டவரின் வாசலுக்கு, சாதி பாராமல், முதலில் நடக்கும் முந்நூறு பேராய் நாம் இருப்போமா? அதற்கான தைரியத்தை ஆண்டவர் நம் பங்கிற்கு அருள்வாராக. ஆமென்.