மோட்டார் ஷட்டர் மக்கர் செய்தால்?

வரதய்யபாளையம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி தொழில் நகரம். அது 2008-இல் தொடங்கியது. தொழிற்சாலைகள் வந்தன. கடைகளும் வீடுகளும் பெருகின. கடைக்கு ஷட்டர், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் ஷட்டர். கையால் தூக்கும் ஷட்டர் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் ஷட்டர் பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும்.

அந்த ஷட்டர் ஒரு நாள் பாதியில் நின்றுவிடுகிறது. வெளியே போக வேண்டிய வண்டி உள்ளே நிற்கிறது. அவசரம். உடனே குனிந்து உள்ளே நுழையலாமா?

கூடாது! பாதியில் நிற்கும் ஷட்டரின் கீழே யாரும் போகக்கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். இதுதான் முதல் வேலை.

அடுத்து, குறை எங்கே என்று பார்க்க வேண்டும்.

சுவரில் உள்ள பொத்தான் வேலை செய்கிறதா? அது வேலை செய்து, கையில் உள்ள ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லையா? ரிமோட்டில் பாட்டரி தீர்ந்திருக்கலாம். புது பாட்டரி போட்டால் போதும்.

இரண்டுமே வேலை செய்யவில்லையா? கரண்ட் இருக்கிறதா, பியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலமுறை ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

இறங்கும் கதவு தானாகவே மேலே திரும்புகிறதா? சில கதவுகளில் தரைக்குச் சற்று மேலே இரு பக்கமும் இரண்டு மின் கண்கள் இருக்கும. நடுவில் ஏதாவது இருந்தால் கதவு இறங்காது. தூசியும் சிலந்தி வலையும்கூட அந்தக் கண்ணை மறைக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

கதவு உரசிக்கொண்டு இறங்குகிறதா? இரு பக்கமும் உள்ள சட்டங்களில் மண்ணும் துருவும் சேர்ந்திருக்கும். மழைக்காலத்தில் துரு அதிகம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சட்டங்களைத் துடைக்க வேண்டும்.

இத்தனையும் வீட்டில் உள்ளவர்களே செய்யலாம். ஒன்றை மட்டும் தொடக்கூடாது. அது ஸ்பிரிங்.

கிணற்று ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். துலாவின் பின்னால் பாரம் இருக்கும். அந்தப் பாரம் தண்ணீர்ச் சாலைத் தூக்க உதவும். ஷட்டரின் கனத்தைத் தாங்க ஸ்பிரிங் அப்படித்தான் உதவுகிறது. முறுக்கேறிய ஸ்பிரிங் கழன்றால் கையை முறிக்கும். உயிரையும் வாங்கும்.

ஸ்பிரிங் கெட்டதை எப்படி அறிவது? கதவு கீழே இறங்கி இருக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மோட்டாரை விடுவிக்கும் கயிறு இருந்தால் அதை இழுத்து, கதவை மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். லேசாக வந்தால் குறை மோட்டாரில். கல்லைப் போலக் கனத்தால் குறை ஸ்பிரிங்கில். உடனே கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். கதவு மேலே நிற்கும்போது அந்தக் கயிற்றை இழுக்கவே கூடாது. கதவு சடாரென்று விழும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கதவுகளின் கீழே சிக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில், ஆள் சிக்காமல் காக்கும் வசதி கட்டாயம் ஆனது. நம் ஊரில் ஷட்டர் வாங்குபவரும் அந்த வசதி உண்டா என்று கேட்டு வாங்கலாம். விலை கொஞ்சம் கூடலாம். குழந்தையின் உயிருக்கு விலை உண்டா?

ரிமோட் விளையாட்டுப் பொருள் அல்ல. அது குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பதறாத காரியம் சிதறாது.