அமர்பவரை நினைத்துச் செய்யும் மேஜை

அமெரிக்க நாட்டு வீடுகள் பலவற்றில் கார் நிறுத்துவதற்கென்று ஒரு கொட்டகை உண்டு. அதன் சுவரோரத்தில் ரம்பமும் சுத்தியும் இழைப்புளியும் மாட்டியிருக்க, விடுமுறை நாட்களில் வீட்டுக்காரர் தம் கையாலேயே ஓர் அலமாரியோ பெஞ்சியோ செய்துகொள்வது அந்நாட்டாரிடம் ஊறிப்போன வழக்கம். அவ்வாறு அவர்கள் செய்துகொள்ளும் சாமான்களுள், போக்கர் என்னும் சீட்டாட்டத்துக்கென்றே அமைக்கும் நீள்வட்ட மேஜையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

சூதைக் கண்டித்துத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க, இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். வள்ளுவர் வாக்கில் எனக்கு அணுவளவும் அபிப்பிராய பேதம் இல்லை. நான் போற்றுவது பணயத்தையன்று. பத்துச் சிநேகிதர்கள் சுற்றி அமரவேண்டும் என்பதற்காக ஒருவர் மரத்தோடு படும் பிரயாசையையே போற்றுகிறேன்.

இந்த ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஸிஸிப்பி நதியின் கீழ்க்கரைப் பிரதேசத்தில் வேரூன்றி, நீராவிப் படகுகளின் வழியே உள்நாட்டில் பரவியது. பிற்காலத்தில் ஜனாதிபதியாயிருந்த ஹாரி ட்ரூமன் இதில் மிகுந்த பிரியம் உள்ளவர்; கீ வெஸ்ட் தீவில் அவர் ஓய்வெடுத்த இல்லத்தில், அங்கிருந்த கடற்படைத் தளத்துத் தச்சர்கள் செய்து கொடுத்த போக்கர் மேஜையை இன்றும் காணலாம். 2003இல் லாஸ் வேகாஸ் நகரத்து உலகப் போட்டியில், டென்னஸி மாநிலத்துக் கணக்கரான கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் முதற்பரிசை வென்றதும், சாமானிய மக்களிடையே இந்த ஆட்டத்தின் மீது பெரியதோர் மோகம் எழுந்தது. அவ்வாண்டு 839 பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் இரண்டே ஆண்டுகளுக்குப் பின் 5,619 பேர் கலந்துகொண்டார்கள். வீட்டிலேயே நண்பர்களைக் கூட்டி ஆடியவர்களோ இன்னும் பலர். அவர்களுக்கெல்லாம் மேஜை வேண்டியிருந்தது.

இம்மேஜைக்கு ஆதாரம், 8 அடி நீளமும் 4 அடி அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள இரண்டு ப்ளைவுட் பலகைகள். பலகையின் நடுவே நீளவாட்டில் ஒரு கோடு கிழித்து, இரு கோடிகளிலிருந்தும் 2 அடி உள்ளே தள்ளிப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் ஓர் ஆணியை நிறுத்தி, அதில் ஒரு முனை மாட்டிய மரச்சட்டத்தின் மறுமுனையில் ரூட்டர் என்னும் வெட்டும் இயந்திரத்தைப் பொருத்திச் சுழற்றினால், பள்ளிக்கூடத்துக் கவராயம் வட்டம் போடுவது போல இரு கோடிகளும் அரைவட்டமாக வளைந்துவிடும். இந்த உருவத்தின் சுற்றளவு 20 அடிக்குச் சற்று அதிகம். பத்துப் பேர் அமர்ந்தால் தலைக்கு 2 அடி. பக்கத்தில் இருப்பவரின் முழங்கை இடிக்காமல் ஒருவர் உட்கார வேண்டிய இடம் ஏறத்தாழ அவ்வளவே. அகலம் 4 அடியானபடியால், பக்கவாட்டில் அமர்ந்தவர் எழுந்திராமலே நடுமேஜைக்குக் கை நீட்டலாம். மூலைகள் இல்லாததால் ஒவ்வொருவர் முகமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். மரக்கடைக்காரர் விற்கும் பலகையின் அளவும் மனித தேகத்தின் அளவும் இவ்விதம் இசைந்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் உண்டாகிறது.

இரண்டாவது பலகையையும் அதே உருவத்தில் வெட்டி, அதன் ஓரத்தில் நாலைந்து அங்குல அகலமுள்ள வளையம் ஒன்றைப் பிரித்தெடுப்பார்கள். மணிக்கணக்காகக் கைகள் சார்ந்திருக்கப்போகிற இடம் அதுதான். ஆகையால் அதன்மேல் தடித்த ஃபோமை ஒட்டி, ரெக்ஸினை இழுத்துப் போர்த்தி, அடிப்புறத்தில் பின் அடிப்பார்கள். இதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. ஒரு கோடியில் தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டே போனால் மறுகோடியில் சுருக்கமெல்லாம் திரண்டு நிற்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி இழுத்து அடித்தால்தான் வளைவுகளில் மடிப்பு விழாது. வளையத்துக்குள் எஞ்சிய பலகையின்மேல் கால் அங்குல மெல்லிய ஃபோமும், அதன்மேல் சீட்டு வழுக்கிச் செல்லும்படியான பாலியஸ்டர் துணியும் அமையும். துணிக்கும் ரெக்ஸினுக்கும் கனம் உண்டு என்பதை மறந்து, வெட்டிய அளவிலேயே அந்தப் பலகையை விட்டுவிட்டால் அது வளையத்துக்குள் இறங்காது. சுற்றிலும் ஒரு நூல், இரண்டு நூல் குறைத்துக்கொள்வதே விவேகம். ஆணியறையாமல், கழற்றக்கூடிய மரையாணிகளால் அதைப் பொருத்தினால், பானம் கொட்டிக் கறைபட்ட துணியை மாற்றி மேஜையைப் பல வருஷங்கள் காப்பாற்றலாம்.

கால்களை விளிம்பிலே வைத்தால் அமர்பவரின் முழங்கால் மோதும். ஆகையால் அவற்றை உள்ளே தள்ளி அமைக்கவேண்டும். மிகவும் உள்ளே தள்ளிவிட்டால், ஒருவர் விளிம்பில் ஊன்றி எழும்போது மேஜை சாயும். இவ்விரண்டுக்கும் நடுவான ஸ்தானத்தை எந்தப் புத்தகமும் முடிவாகச் சொல்லிவிட முடியாது. உயரம் தரையிலிருந்து 30 அங்குலம் என்பது பொது வழக்கு. ஆனால் நாற்காலிகள் தாழ்ந்தவையாயிருந்தால் அந்த வழக்கைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை.

முதலில் செய்யவேண்டிய காரியத்தைக் கடைசியில் சொல்வதற்கென்றே நிறுத்தி வைத்திருந்தேன். மரம் வாங்கப் போவதற்கு முன்பே, மேஜை நிற்கவேண்டிய இடத்தில், அதன் உருவத்தைத் தரையிலே சாக்குக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். நாற்காலிகளைச் சுற்றிலும் போட்டு, வழக்கமாக வருகிற சிநேகிதர்களை அழைத்து உட்காரச் சொல்லுங்கள். பருத்த சரீரம் உள்ளவர் எப்படி அமர்கிறார், நெட்டையானவர் காலை எங்கே நீட்டுகிறார், நடுவில் ஒருவர் எழுந்து போனால் பின்னால் வழி இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டாட்டத்துக்கு வேண்டாம், குழந்தைகள் படிப்பதற்கோ குடும்பத்தோடு உண்பதற்கோ ஒரு மேஜை செய்ய நினைக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அந்தச் சாக்குக்கட்டிக் கோட்டைத் தக்கபடி அழித்துத் திருத்தி வரைந்த பிறகு ரம்பத்தைக் கையில் எடுங்கள்.