புயல் வாராது என்றிருத்தல் தகாது



“புயல் பிலிப்பைன்சுக்கு வரும்; வங்கக் கடலில் வரும்; நமக்கு வராது” என்று நம் கரையோரங்களில் பலர் கூறுவதுண்டு. அதற்குக் காரணமும் உண்டு. பூமியின் சுழற்சியே புயற்காற்றைச் சுழலச் செய்கிறது. நிலநடுக்கோட்டின் அருகே அவ்விசை மிகக் குறைவு. ஆகவே, இங்குப் புயல் உருவாவது அரிதினும் அரிது என்றே அறிஞர்களும் கருதினர்.

ஆயினும், 1996 டிசம்பரில் ‘கிரெக்’ புயல் சபாவைத் தாக்கியது. கெனிங்காவ் வட்டாரத்தில் வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 டிசம்பர் 27-இல் ‘வாமெய்’ புயல் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. குனோங் பூலாய் மலைச்சரிவில் மண் சரிந்து ஐவர் உயிரிழந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் காற்றைவிட மழையே பெருங்கேடு விளைத்தது. அரிதாக வரும் ஆபத்துக்கு எவரும் ஆயத்தமாக இருப்பதில்லை. அதுவே அதன் கொடுமை.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அந்நாள்களில் வானிலை எச்சரிக்கையைத் தவறாது கேளுங்கள். ஆற்றோரத்திலும் மலையடியிலும் உள்ள லயங்களில் வாழ்வோர், வெள்ளம் வாசலை எட்டும்வரை காத்திராமல், மேட்டு நிலத்திலுள்ள பள்ளிக்கோ மண்டபத்திற்கோ செல்லுங்கள். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ரப்பர் மரம் பலத்த காற்றில் எளிதில் முறியும், அதனடியில் ஒதுங்காதீர்கள்.

“சென்ற ஆண்டு வரவில்லையே” என்னும் சொல் எவருக்கும் காவலாகாது. விழிப்பே காவல்.