லீவு நாட்களில் வரும் பதற்றம்: பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்

(கோடை விடுமுறையையொட்டி இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

   

கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று நான் பேசப்போவது நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றைப் பற்றி. அதுதான் பதற்றம். அதுவும், பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு வருகின்ற பதற்றம்.

'லீவில் என்ன பதற்றம்?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். சில வருடங்களுக்கு முன் என் மகன் பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். பத்து நாள் நன்றாக இருந்தான். பிறகு வயிற்று வலி என்றான், நெஞ்சு படபடக்கிறது என்றான், சோற்றை ஒதுக்கினான். சுபுஹு பாங்கு வரை செல்போன், பகலெல்லாம் தூக்கம். அவன் அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான் என்ன கொடுத்தேன் தெரியுமா? ஏச்சு கொடுத்தேன். 'வேலை இல்லாதவனுக்கு வருகிற நோய்' என்றேன். கடைக்கு வந்தவர்களிடம், அவன் எதிரிலேயே, 'மார்க் வரட்டும், அப்புறம் தெரியும் இவன் கதை' என்றேன்.

கடைசியில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். டாக்டர் சோதித்துவிட்டு, 'வயிற்றில் ஒன்றுமில்லை பாய். பையன் பயந்து போயிருக்கிறான். எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டீர்களா?' என்றார்.

நான் கேட்டதே இல்லை சகோதரர்களே!

உடம்பில் நடப்பது என்ன?

பதற்றம் கோழைத்தனமல்ல, நடிப்பும் அல்ல. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. நாய் துரத்தினால் ஓடித் தப்பிக்க இது உதவும். மார்க் துரத்தினால் எங்கே ஓடுவது?

பள்ளி நாட்களில் மணி அடிக்கும். எழ ஒரு நேரம், சாப்பிட ஒரு நேரம், பேசத் தோழர்கள் என்று ஓர் ஒழுங்கு இருக்கும். லீவு வந்தால் அந்த ஒழுங்கு போய்விடுகிறது. காலியான நேரம் முழுவதையும் ஒரே ஒரு நினைப்பு பிடித்துக்கொள்கிறது. ஆகவே, போன ஒழுங்கைத் திரும்பக் கொண்டு வருவதுதான் முதல் மருந்து.

தம்பிமார்களே, நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. படுக்கும் நேரத்தை உடனே மாற்ற முடியாவிட்டாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். செல்போன் வேறு அறையில் தூங்கட்டும். டீயில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலைக்குப் பிறகு டீ வேண்டாம்.

இரண்டாவது, உடம்பை அசையுங்கள். 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. விளையாடுங்கள், நடங்கள், சைக்கிள் மிதியுங்கள்.

மூன்றாவது, படபடப்பு வரும்போது மூச்சை நிதானப்படுத்துங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். மெதுவாக விடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும்.

நான்காவது, கவலையை நோட்டில் எழுதுங்கள். கணக்கில் ஏறாத கடன்தான் வியாபாரியைத் தூங்கவிடாது. மனசும் அப்படித்தான். ஒரு பக்கம், என் கையில் இல்லாதவை: எழுதி முடித்த விடைத்தாள், திருத்துபவரின் பேனா. மறு பக்கம், என் கையில் இருப்பவை: எந்தக் கல்லூரி, விண்ணப்பத்தின் கடைசித் தேதி, தவறினால் துணைத் தேர்வு. இரண்டாவது பக்கத்தில் தினமும் ஒரு வேலையை முடியுங்கள்.

இது புதிய யோசனையும் அல்ல. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியில் 9ஆம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்துக்கும் மன நலத்துக்குமாக ஒரே நூலை எழுதினார். அவசரத்துக்கு மருந்தை வீட்டில் வைத்திருப்பதுபோல், மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்; பயம் வரும்போது எடுத்துப் பயன்படுத்து என்பது அவர் சொன்ன வழி.

பெற்றோர்களே, வணிகர்களே!

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. அரசு நிறுத்தியதை நாம் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கிறோம்! 'பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?' என்ற கேள்வியை முதலில் நிறுத்துங்கள். பிள்ளையைக் கடைக்கு அழைப்பதில் தவறில்லை. ஆனால் தண்டனையாக அழைக்காதீர்கள், துணையாக அழையுங்கள். இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காரச் சொல்லிக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தால் அவனுக்கும் தன்மேல் நம்பிக்கை வரும். உங்கள் கடன் கவலையை அவன் தலையில் கொட்டாதீர்கள். நீங்களும் தூங்குங்கள், நீங்களும் மனம்விட்டுப் பேசுங்கள். அத்தாவின் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை பயப்படவோ தைரியப்படவோ கற்றுக்கொள்கிறது.

எப்போது டாக்டரிடம் போவது?

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் டாக்டரைப் பாருங்கள். 'இருந்து என்ன பயன்' என்று பிள்ளை சொன்னால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்; தனியாகவும் விடாதீர்கள். 2022ல் தொடங்கப்பட்ட 14416 என்ற மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மனநோய் என்றால் மறைக்க வேண்டும், கட்டிப்போட வேண்டும் என்று நினைத்ததற்கு 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் நாம் கொடுத்த விலை 28 உயிர்கள். தீ பிடித்தபோது சங்கிலியால் ஓடக்கூட முடியவில்லை! சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. நம் நாக்கில் இருக்கும் சங்கிலியை நாம்தான் கழற்ற வேண்டும்.

என் மகன் அந்த வருடம் ஒரு பாடத்தில் தவறினான். துணைத் தேர்வில் தேறினான். இன்று என் கடைக் கணக்கை அவன்தான் பார்க்கிறான். அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவனுடைய ஒரு மாத வேதனை குறைந்திருக்கும்.

அந்தக் கேள்வியை நீங்கள் இன்று இரவே வீட்டில் கேளுங்கள்: 'என்னப்பா, எதை நினைச்சுப் பயப்படுறே?' கேட்டுவிட்டு, அவன் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அதுவே பாதி மருந்து.