வெள்ளம் யார் வீட்டுக்கு முதலில் வருகிறது? காப்பீடு யாருக்குக் கிடைக்கிறது?

(ஏரல் பகுதி இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேருந்தை விட்டு இறங்கி, கடைத்தெரு வழியாகத்தான் நடந்து வந்தேன். சில கடைகளின் சுவரில் 2023 டிசம்பர் வெள்ளத்தின் கறை இன்னும் தெரிகிறது. வெள்ளையடித்த பிறகும் அடியிலிருந்து பழுப்பாக எட்டிப் பார்க்கிறது. அந்தக் கறையைப் பார்த்தால் எனக்கு என் சித்தியின் தையல் கடை ஞாபகம் வரும்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றின் கடைத்தெருவில் சித்தி தையல் கடை வைத்திருந்தார். வாடகைக் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின். கிறிஸ்துமஸும் பொங்கலும் வருகிற நேரம் என்பதால் ஊர்ப் பெண்கள் தைக்கக் கொடுத்த துணி மூட்டை மூட்டையாக இருந்தது. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே முழங்கால் அளவுக்குச் சேறு. மெஷினும் போச்சு, அடுத்தவர் துணியும் போச்சு.

கட்டிடக்காரர் வங்கிக் கடன் வாங்கிக் கட்டியவர். கடனோடு சேர்த்து வங்கி எடுத்துவைத்த காப்பீடு அவருக்கு இருந்தது. சேதத்தைப் பார்க்க ஆள் வந்தார், படம் எடுத்தார், சில மாதங்களில் ஒரு தொகை வந்தது. சித்தி போய்க் கேட்டார்: "அண்ணாச்சி, அதுல என் மெஷினுக்கு ஒண்ணும் வராதா?" அவர் சொன்னார்: "அது கட்டிடத்துக்கு மட்டும்தாம்மா." அவர் சொன்னது பொய் இல்லை. அந்தப் பாலிசி அப்படித்தான். சித்திக்கு வந்ததெல்லாம் மறுவாரமே வாசலில் வந்து நின்ற குழுக்கடன் தவணை.

ஒரே கட்டிடம், ஒரே தண்ணீர். ஒருவருக்கு இழப்பீடு, இன்னொருவருக்குக் கடன். இது ஏன் இப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் வெள்ளத்தைப் புரிந்துகொள்வோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கிற மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் பல நூறு பயணிகளோடு நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ரயிலைச் சுற்றியிருந்த ஊர்களைப் பார்த்தவர்கள் குறைவு.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டினால் ஏரல், பிறகு புன்னக்காயலில் கடல். நாம் இருப்பது ஆற்றின் கடைமடையில். மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த தண்ணீர் ஒரு பக்கம். அணைகளுக்குக் கீழே சமவெளியில் கொட்டிய மழை இன்னொரு பக்கம். அந்த மழையைப் பிடித்துவைக்க எந்த அணையாலும் முடியாது. குளங்கள்தான் பிடிக்க வேண்டும். குளங்கள் உடைந்தன.

"இது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம், இனி நம்ம காலத்துல வராது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தப்பான கணக்கு. நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று பொருள். போன வருஷம் வந்துவிட்டது என்பதற்காக இந்த வருஷம் அந்த வாய்ப்பு குறையாது. 30 ஆண்டு ஒரே வீட்டில் இருந்தால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அது வருவதற்கு 26 சதவீதம் வாய்ப்பு. நாலில் ஒன்றுக்கும் மேல். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களே 2023ஐயும் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் அந்த 26 சதவீதம் ஊரில் எல்லோருக்கும் ஒன்றா? இல்லை. மேட்டில் இருக்கிறவருக்கு அது குறைவு. பள்ளத்தில், குளத்து மறுகால் ஓரத்தில், ஆற்றுப் புறம்போக்கில் இருக்கிறவருக்குப் பல மடங்கு அதிகம். யார் மேட்டில் இருப்பது, யார் பள்ளத்தில் இருப்பது என்பதை மழை முடிவு செய்யவில்லை. சாதி முடிவு செய்தது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரித்தபோது நல்ல நிலத்தை யாரும் சேரிக்கு எழுதிவைக்கவில்லை. பின்னால் அரசு காலனி கட்டியபோதும் பல இடங்களில் விலை குறைந்த, தண்ணீர் தேங்குகிற நிலத்தைத்தான் வாங்கியது. வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்று மேடையில் பேசுவார்கள். வெள்ளம் பார்க்க வேண்டியதே இல்லை. சாதி முன்கூட்டியே நம்மை அதன் வழியில் குடிவைத்துவிட்டது.

சரி, இரண்டாவது விஷயம். வெள்ளத்துக்குப் பிறகு பணம் எந்த வழியில் வருகிறது? இரண்டு வழி. ஒன்று நிவாரணம், இன்னொன்று காப்பீடு.

2023இல் அதிகம் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும், மற்ற இடங்களில் 1,000 ரூபாயும் அரசு கொடுத்தது. அந்த நேரத்தில் அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே அட்டையில் இரண்டு குடும்பம் இருந்தாலும் ஒரே தொகைதான். போன பொருளுக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமும் இல்லை. நிவாரணம் என்பது அரசு பார்த்துக் கொடுப்பது. காப்பீடு என்பது ஒப்பந்தப்படி கேட்டு வாங்குவது. அதனால்தான் காப்பீட்டை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். "அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடக் கூடாது.

2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரே மாதிரியான நிபந்தனைகள் கொண்ட பாலிசிகளைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு 'பாரத் கிரஹ ரக்ஷா'. சிறு கடை, பட்டறைகளுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'; 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள தொழில்களுக்கு இது. இரண்டிலும் வெள்ளச் சேதம் அடக்கம். வாடகைக்கு இருப்பவர் தன் பொருள்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். என் சித்திக்கு இது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. யாரும் வந்து சொல்லவும் இல்லை.

தொழிற்கடன் வாங்கியிருந்தால், வங்கி உங்கள் சரக்குக்குக் காப்பீடு எடுத்து, பிரீமியத்தை உங்கள் கணக்கிலேயே பிடித்திருக்கக் கூடும். போய்ப் பாலிசி நகலைக் கேளுங்கள். அதில் எந்த முகவரி இருக்கிறது, எவ்வளவு தொகைக்கு இருக்கிறது, கட்டிடத்துக்கா சரக்குக்கா என்று படியுங்கள். கடை ஒரு தெருவில், குடோன் இன்னொரு தெருவில் என்றால், பாலிசியில் எழுதாத இடத்துக்குப் பணம் வராது.

பைக், ஆட்டோ வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். சட்டப்படி கட்டாயமாக எடுக்கிற மூன்றாம் நபர் காப்பீடு உங்கள் வண்டிக்கு வந்த வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா தராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால்தான் கிடைக்கும். அப்போதும், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஓட்டிக் கெடுத்தால், அதைக் காட்டியே இழப்பீட்டை மறுப்பார்கள்.

உயிருக்கு வருவோம். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். வெள்ளத்தில் இறந்தாலும் அது விபத்தாகவே கணக்கு. குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாய். திட்டத்தை யார் கொண்டுவந்தார் என்பதில் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். பணம் நம் மக்களின் வரிப்பணம், பிரீமியம் நம் மக்களின் உழைப்பு. நம் அம்மாக்களின் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இழப்பீடு கேட்டால் மறுக்கிறார்களா? எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நமக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதெல்லாம் யாரைத் தொடாது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் காப்பீட்டு ஏஜென்ட் ஆகிவிடுவேன்.

காப்பீடு காகிதத்தைப் படிக்கும். பட்டா, பில், ரசீது, உரிமம். புறம்போக்கில் 40 வருஷமாக இருக்கிற கூரை வீட்டுக்கு எதைக் காட்டுவது? ரொக்கம் கொடுத்து வாங்கிய பழைய மெஷினுக்கு எந்தப் பில்லைக் காட்டுவது? பயிர்க் காப்பீட்டைப் பாருங்கள். விவசாயி கட்டுவது குறுவை போன்ற காரிஃப் பயிருக்கு 2 சதவீதம், ரபி பயிருக்கு 1.5 சதவீதம், வாழை மாதிரித் தோட்டப் பயிருக்கு 5 சதவீதம். திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க வேண்டும். வாய்வார்த்தையில் வாரத்துக்கு நிலம் உழுகிறவருக்கு அந்தக் காகிதத்தை யார் தருவார்? நிலக்காரர் ஒப்புக்கொள்வாரா? போதாததற்கு, நெல் வயல் மூழ்கினால் தனித்தனி வயலாகப் பார்த்து இழப்பீடு தரும் பிரிவை 2018இல் நீக்கிவிட்டார்கள். 2025 நவம்பரில்தான் அதை மீண்டும் சேர்ப்பதாக அறிவித்தார்கள். வயலே இல்லாத கூலித் தொழிலாளிக்குத் தண்ணீர் வடியும் வரை வேலை இல்லாத நாள்களுக்கு எந்தப் பாலிசியும் இல்லை.

இது நம் நாட்டோடு நிற்கிற அநீதியும் இல்லை. 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் கத்ரீனா புயலில் மூழ்கியது. வீடு கட்ட அரசு உதவித்தொகை கொடுத்தது. எப்படிக் கணக்கிட்டார்கள்? புயலுக்கு முந்தைய சந்தை விலை, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டின் சந்தை விலை குறைவு. அதே அளவு வீடு, அதே சிமெண்டு, அதே ஆணி. ஆனால் உதவி குறைவு. 2008இல் வழக்குப் போட்டார்கள், 2011இல் அது உடன்பாட்டில் முடிந்தது. விதியில் எங்கேயும் நிறம் என்ற சொல்லே இல்லை. சொத்தின் விலையில் நிறம் ஏற்கெனவே இருந்தது. நமக்குப் பட்டாவில் சாதி இருப்பது போல.

இந்த இடத்தில் பாபாசாகேபிடம் போவோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1945 நவம்பர் 8 அன்று கட்டாக்கில் ஒடிசா ஆறுகளைப் பற்றிய கூட்டத்தில் பேசினார். வெள்ளத்தைத் தொல்லை என்று மட்டும் பார்த்துக் கரை கட்டி விரட்டுவது போதாது, அந்தத் தண்ணீரைத் தேக்கி மக்கள் வாழ்வுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம். பெரிய அணைகளைப் பற்றி இன்று நமக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் வெள்ளத்தை விதி என்று அவர் ஒருபோதும் ஏற்கவில்லை; அதை அரசின் பொறுப்பாகப் பார்த்தார்.

1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' திட்டத்தில் இன்னொன்று சொன்னார். காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் கூலிக்கேற்ற ஆயுள் காப்பீட்டை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்றார். அவர் பேசியது ஆயுள் காப்பீடு, வெள்ளக் காப்பீடு இல்லை. ஆனால் அந்தச் சிந்தனையைப் பாருங்கள். அளவுகோல் சொத்து இல்லை, கூலி. பாதுகாப்பு வாங்க முடிந்தவருக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்.

இதை இன்று வெள்ளத்துக்குக் கேட்க முடியுமா? முடியும். நாகாலாந்து அரசு, அளவிட்ட மழை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் பணம் வருகிற காப்பீட்டை மாநிலத்துக்காகவே வாங்கியது. வீடு வீடாகப் பில் கேட்கிற முறை அது இல்லை. தமிழ்நாட்டிலும் ஆற்றங்கரை ஊர்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசே பிரீமியம் கட்டட்டும். தண்ணீர் மட்டம் எல்லையைத் தொட்டால் பட்டா இருக்கிறதா என்று கேட்காமல் பணம் வரட்டும். அளவுகோல் எங்கே நடப்படுகிறது என்பதிலும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். அது மேட்டுத் தெருவில் நின்றால், காலனி மூழ்கினாலும் கணக்கில் வராது.

கடைசியாக, நம் கையில் இருக்கிற வேலை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் ஒவ்வொரு தெருவிலும் 2023இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுச் சுவரில் பெயிண்டால் கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். வீடு வீடாக ஒரு நோட்டில் பதியுங்கள்: பட்டா உண்டா, அட்டை தனியா, வங்கிக் கணக்கு யார் பெயரில், மெஷின், ஆடு, மாடு எத்தனை. எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து இன்னொருவர் போனிலும் வையுங்கள். அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள், பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினரிடம் போங்கள். மேட்டு நிலத்தில் வீட்டுமனையும் பட்டாவும் கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

சித்தி இப்போது வீட்டுத் திண்ணையில் ஒரே ஒரு மெஷினை வைத்துத் தைக்கிறார். புது மெஷின். இந்த முறை பில் வாங்கியிருக்கிறார். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரணில், தண்ணீர் போன தடவை வந்த மட்டத்துக்கு மேலே வைத்திருக்கிறார். அவ்வளவு உயரத்தில் அவருடைய வீடே இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நாம் பேசுகிறோம்.