ஓடு நல்லா இருந்தாத்தான் நத்தைக்கு விலை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



நம்ம குழுக்கள் சிலவற்றில் கடன் எடுத்து, சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறீர்கள். மீனோடு சேர்த்து மஞ்சள், கறுப்பு நிற ஆப்பிள் நத்தையும் வளர்க்கிறீர்கள். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ண மீன் சந்தைகளில் இதையும் வாங்குகிறார்கள். ஆனால் ஓடு அரித்த நத்தையை வியாபாரி ஒதுக்கிவிடுவார். தவணை கட்டுவது நாம்தானே! அதனால் இன்றைக்கு ஓட்டைப் பற்றிப் பேசுவோம்.

நத்தை ஓடு எதனால் ஆனது? பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்துதான். முட்டை ஓடும் அப்படித்தான். வீட்டில் ஒரு முட்டை ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்துக் கொண்டு கரையும். தொட்டித் தண்ணீரில் புளிப்புத் தன்மை ஏறினால் நத்தை ஓட்டுக்கும் இதே கதிதான், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு குழி, கடைசியில் ஓட்டை.

தண்ணீர் ஏன் புளிக்கிறது? தின்னாமல் கிடக்கும் தீவனமும், அழுகிய இலையும், மீன் கழிவும்தான் முக்கியக் காரணம். வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். நம்ம ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்று சலித்துக்கொள்வோம். அந்தக் கடின நீர்தான் நத்தைக்கு நல்லது! மழைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் திறந்த தொட்டிக்கு மேல் ஒரு மூடாக்குப் போடுங்கள். சோதனைத் தாளில் பார்த்தால் பி.எச். அளவு 7-க்குக் கீழே போகக்கூடாது, 7.5 பக்கம் இருந்தால் நல்லது.

சத்து குறைந்தால் என்ன செய்வது? முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து நொறுக்கி, துணிப்பையில் கட்டித் தொட்டியில் போடுங்கள். கிளிஞ்சல், கணவாய் ஓடும் போடலாம். ஆனால் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள். அதன் காரம் திடீரென ஏறி மீனும் நத்தையும் செத்துப்போகும்.

வேகவைத்த கீரை, வெள்ளரிக்காய்த் துண்டு கொடுங்கள். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள். பாசியை மட்டும் நம்பி விட்டால் நத்தைக்குப் பட்டினிதான். நத்தை கூட்டமாகிவிட்டாலும் தீனியும் சத்தும் பற்றாது.

“ஏற்கெனவே அரித்த இடம் சரியாகுமா?” என்று கேட்பீர்கள். பழைய குழி பழையபடி ஆகாது. ஓடு வளர்வது வாய் விளிம்பில்தான். நீங்கள் கவனிக்க ஆரம்பித்த நாளிலிருந்து வரும் புது ஓடு வழவழப்பாக வரும். அந்த விளிம்பைப் பார்த்தாலே தொட்டியின் நிலை தெரிந்துவிடும்.

இன்னொன்று முக்கியம். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்து போடுவார்கள். மயில்துத்தமும் தாமிரம்தான். மீன் தாங்கினாலும் நத்தை தாங்காது. நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். மருந்து வாங்கும்போது அதில் தாமிரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த நத்தை மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்பாக முட்டைக் கொத்து வைக்கும். அதனால் மேலே நாலு விரல் இடம் விட்டு, வலை போட்டு மூடுங்கள். குஞ்சு தேவையில்லை என்றால் அந்தக் கொத்தை எடுத்து நசுக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தேவையில்லாத நத்தையையோ முட்டையையோ வாய்க்காலிலும் குளத்திலும் போடாதீர்கள். இதன் நெருங்கிய சொந்தமான தங்க ஆப்பிள் நத்தையைத் தென் அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு உணவுக்காகத்தான் கொண்டு வந்தார்கள். 1980-களில் பிலிப்பைன்ஸ் வயல்களில் பரவி, இளம் நெற்பயிரைத் தின்று பெரும் சேதம் செய்தது. நம்ம வயலில் இருக்கும் நாட்டு நத்தை வேறு, இது வேறு. தொட்டியில் வருமானம் தருவது வயலில் பயிரைத் தின்னக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தொட்டித் தண்ணீரின் பி.எச். அளவைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.