ஒரு கையால் அடித்த கணக்கு

(ஜனவரி மாதக் குடியிருப்போர் சந்திப்பில் நம் சங்கப் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் நான் விழுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கே விழுந்தேன் என்பதும் தெரியும். பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவில். முதல் நாள் மழை, தரையெல்லாம் ஈரம். அந்தச் சரிவில் வழுக்காத பட்டை ஒட்ட வேண்டும் என்று கமிட்டியில் பேசியவன் நான். 'இந்தக் காலாண்டில் பணம் இல்லை, அடுத்ததில் பார்ப்போம்' என்று கோப்பை மூடி வைத்தவனும் நான்தான். ஆகவே யார் மீதும் புகார் சொல்ல எனக்கு வழியில்லை. (பட்டை இப்போது ஒட்டியாகிவிட்டது, நன்றி.)

விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவோம். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம். விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அவற்றால் வேலை எதுவும் ஆகாது.

அந்த ஆறு வாரத்தில்தான் நம் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. 84 வீடுகள். பெயின்டிங் நிதி வீட்டுக்கு 4,500 ரூபாய். சிலர் முழுதாகக் கட்டியிருந்தார்கள், சிலர் பாதி, சிலர் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வீட்டின் பாக்கியையும் தனித்தனியாக அடித்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். "வேறு யாராவது பார்க்கட்டுமே சார்" என்று செயலாளர் கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். நான் அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பு. நிமிஷத்துக்கு 45 சொல். ரெமிங்டன் மெஷினில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று மாதக்கணக்கில் அடித்துப் பழகிய விரல்கள். ஒரு கை போனால் வேகம் பாதியாகும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

பாதி ஆகவில்லை. அதற்கும் கீழே போய்விட்டது. பத்து விரல் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு விரலுக்குச் சொந்தம். 'ப' எங்கே இருக்கிறது என்று என் மூளைக்குத் தெரியாது, வலது ஆள்காட்டி விரலுக்குத்தான் தெரியும். அது மாவுக்கட்டில் கிடக்கிறது. முதல் நாள் நான்கு வரிக் கடிதம் ஒன்றுக்கு அரை மணி ஆயிற்று.

இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பாக்கிப் பட்டியலை முடித்தேன். தோள் கடுத்தது, கண் எரிந்தது. கூட்டுத்தொகையைப் போன காலாண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. அப்படியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் ஆறு மணிக்குக் காலிங் பெல். சி பிளாக்கில் தனியாக இருக்கும் அம்மா. அவர் அனுமதி கொடுத்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். கையில் மஞ்சப் பை, அதில் மூன்று வருஷத்து ரசீதுகள். "தம்பி, நான் மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள கட்டிடறேனே, நாப்பத்தஞ்சாயிரம் எப்படி வந்துது?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை அவர். நேரங்கெட்ட நேரத்தில் யாரையும் எழுப்பக் கூடாது என்று யாருக்கும் போன் செய்யவில்லை. வங்கியில் இருக்கும் டெபாசிட்டை உடைத்தால் எவ்வளவு நஷ்டமாகும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் காகிதமும் பையில் இருந்தது.

4,500-க்கு ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருக்கிறது. எப்படி என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். எண்களுக்கான தனிப் பலகை கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கிறது. இடது கையை அதுவரை நீட்ட முடியாமல் மேல் வரிசை எண்களில் அடித்தேன். அங்கேயும் பூஜ்யம் வலது கோடியில்தான். கை குறுக்கே போகிறது, விரல் களைத்துக் கிடக்கிறது, சாவி மீது கொஞ்ச நேரம் அதிகமாக நின்றுவிடுகிறது, இன்னொரு பூஜ்யம் விழுந்துவிடுகிறது. கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்தக் காலைக்குப் பிறகு நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். இங்கே பலருக்குக் கையோ தோளோ ஒரு நாள் இப்படி ஆகலாம். ஆக வேண்டாம், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் சாவியில் தங்கிவிடுவதற்கு மருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. 'ஃபில்டர் கீஸ்' என்று பெயர். வலப்பக்க ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் போடட்டுமா என்று கேட்கும். போட்டுவிட்டால், தெரியாமல் இரண்டு முறை விழும் எழுத்துகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. எவ்வளவு நேரம் என்பதை செட்டிங்ஸில் கூட்டிக் குறைக்கலாம். அன்று இது தெரிந்திருந்தால் அந்த அம்மா தூங்கியிருப்பார்.

இன்னொன்று 'ஸ்டிக்கி கீஸ்'. பேரப்பிள்ளைகள் கேம் ஆடும்போது ஷிஃப்டை மடமடவென்று தட்டினால் ஒரு பெட்டி குதிக்குமே, எரிச்சலோடு மூடுவோமே, அதேதான். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும். அது யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று எத்தனையோ வருஷம் நான் யோசித்ததே இல்லை. ஒரு கைக்காரர்களுக்காக. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே 'பி' அடித்தால்தான் பிரின்ட் வரும் இல்லையா? இதில் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. கன்ட்ரோலைத் தட்டி விட்டுவிடலாம், பிறகு சாவகாசமாக 'பி'. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும்கூட ஒவ்வொன்றாகத் தட்டலாம். ஒரு எச்சரிக்கை: வீட்டில் வேறு யாராவது வந்து இரண்டு சாவியைச் சேர்த்து அழுத்தினால் அது தானாக அணைந்துவிடும். என் மனைவி தினமும் அணைத்தாள். அந்த வசதியையும் செட்டிங்ஸில் நிறுத்தி வைக்கலாம். ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் அக்சஸிபிலிட்டி பகுதியில் ஸ்டிக்கி கீஸ் உண்டு.

கையை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. பழக்கதோஷத்தில் இடது கை இடது ஓரத்துக்கே போகும். அப்படி வைத்தால் வலது பக்கம் முழுக்க எட்டாக்கனி. எஃப், ஜி, ஹெச், ஜே என்ற நான்கின் மீது விரல்களை நடுவில் வையுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் ஏறக்குறைய சம தூரம். கீபோர்டையும் கொஞ்சம் சாய்த்து, கை வரும் வழிக்கு நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினாலும் தோள் வலி குறைகிறது. நம்பர் அதிகம் அடிக்கிறவர்களுக்கு யுஎஸ்பி நம்பர் பேட் தனியாகவே கிடைக்கிறது. அதை இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் அடிப்பவர்களுக்கு ஒரு சங்கதி. நம்மில் பலர் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலிப்படி அடித்துத் தமிழாக்குகிறோம். இரண்டு கை இருந்தால் தெரியாது, ஒரு கையில் ஒவ்வொரு தட்டும் காசு மாதிரி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையில் 'வணக்கம்' என்பதற்கு ஆறு தட்டு. ஒலிப்படி அடித்தால் எட்டு, போதாக்குறைக்கு 'ண'வுக்கு ஷிஃப்ட் வேறு. தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். 'ந்த', 'ங்க', 'ம்ப' போன்றவற்றுக்கும் அப்படியே. கிரந்த எழுத்தைத் தவிர மற்றவற்றுக்கு ஷிஃப்ட் தேவையே இல்லை. ஆனால் அதில் உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய்யெழுத்தில் பெரும்பாலானவை வலது பக்கம். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யட்டும் என்று வகுத்தது. என் ஒற்றைக் கை ஊஞ்சல் மாதிரி ஆடியது. அப்படியும் மொத்தத்தில் எனக்கு லாபம்தான்.

ஒரு கைக்கென்றே எழுத்துகளை மாற்றி அடுக்கிய ட்வோராக் கீபோர்டும் உண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. விண்டோஸில் மொழி அமைப்பிலேயே இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். இரண்டு நாள் முயன்றேன். நிரந்தரமாக ஒரு கையால் வேலை செய்ய வேண்டியவர்களுக்கு அது நல்ல முதலீடு. ஆறு வாரத்துக்காக நாற்பது வருஷப் பழக்கத்தைக் கலைப்பது கட்டுப்படியாகாது. விட்டுவிட்டேன்.

வாயால் சொல்லி எழுத வைப்பது இன்னும் சுலபம். கூகுள் டாக்ஸிலும் போனிலும் தமிழ் புரிந்துகொள்கிறது. கமிட்டிக் கூட்டக் குறிப்புகளை அப்படித்தான் எழுதினேன். குக்கர் விசிலும் மேல் வீட்டு ட்ரில்லிங்கும் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் பேச வேண்டும். நம் பெயர்களைத்தான் கடித்துத் துப்பிவிடுகிறது. கணக்குக்கு மட்டும் நான் அதை நம்பவில்லை. பாஸ்வேர்டை யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

கணக்கை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்த அம்மா காபி சாப்பிட்டுவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தார். என் கட்டைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். "நீங்க பேப்பரையும் பாத்து, கீபோர்டையும் பாத்து, அங்கயும் பாத்தா எப்படித் தம்பி சரியா வரும்? நான் வாசிக்கிறேன்" என்றார். அவர் தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்குக் கவுன்டரில் முப்பது வருஷம் இருந்தவர். எனக்கு அன்றுவரை தெரியாது. ஆறு வருஷமாக ஒரே லிஃப்டில் போய்வருகிறோம்.

அவர் தொகையைத் தொகையாக வாசிக்கவில்லை. 'நான்கு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம், முடிந்தது' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வார். 'முடிந்தது' என்ற சொல் வந்தால்தான் நான் என்டர் தட்ட வேண்டும். பிறகு ஸ்கிரீனில் இருப்பதை நான் திருப்பி வாசிக்க வேண்டும், அவர் பேப்பரில் ஒரு டிக் போடுவார். பத்து வீட்டுக்கு ஒரு முறை கூட்டல் சரிபார்ப்போம். 84 வீட்டையும் இரண்டு காலையில் முடித்தோம். அதே பட்டியலில் இன்னும் இரண்டு தப்பு கிடைத்தது. இரண்டும் உங்களுக்குச் சாதகமாக இருந்த தப்புகள், அதனால்தான் யாரும் பெல் அடிக்கவில்லை! வங்கி உள்நுழைவையும் ஓடிபியையும் மட்டும் நானே அடித்தேன். அப்போது அவரே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் இடது கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை சுரீரென்று வலி. டைப்பிங், மவுஸ், பல் தேய்ப்பது, வாளி தூக்குவது எல்லாம் ஒரே கை. "ஒண்ணு ஒடஞ்சிருக்கு, இன்னொண்ணையும் கொண்டு வரப் போறீங்களா?" என்று டாக்டர் திட்டினார். அதன் பிறகு இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்தேன். அடித்தால் எழுந்துவிட வேண்டும். ஆட்டோகரெக்ட்டில் சுருக்கங்கள் போட்டு வைத்தேன்: 'பதொ' என்று அடித்தால் 'பராமரிப்புத் தொகை' என்று வந்துவிடும். கட்டுப் போட்ட கையையும் சும்மா விடக் கூடாது, டாக்டர் சொன்னபடி விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கட்டு பிரித்து இப்போது ஏழு வாரம் ஆகிறது. ஸ்பாஞ்ச் பந்து அமுக்குகிறேன். தண்ணீர் நிறைந்த வாளியை இன்னும் தூக்க முடியவில்லை. டைப்பிங் வந்துவிட்டது, பழைய வேகம் இல்லை. பாக்கிப் பட்டியலை இப்போதும் அந்த அம்மாதான் வாசிக்கிறார், இரண்டு கை வந்த பிறகும். இந்தக் காலாண்டு நோட்டீஸ் நாளை காலை பத்து மணிக்குத்தான் வரும், ராத்திரியில் வராது.

லேப்டாப் கொண்டுவந்திருக்கிறேன். ஸ்டிக்கி கீஸ் எப்படிப் போடுவது என்று பார்க்க வேண்டியவர்கள் டீ எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள். டீயை மட்டும் கீபோர்டுக்குத் தள்ளி வையுங்கள்.